கால் வைக்காதபோதும் கத்திய கார்

அம்மான் நகரத்துப் பயாதர் பட்டறை வீதியில் ஹிக்மத்தின் கடைக்கு வருகிறவர்கள் முதல் வேலையாக வெட்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும். காரின் பிரேக் என்ன சத்தம் போடுகிறதோ அதை வாயால் போட்டுக் காட்டினால்தான் அங்கே வைத்தியம். கோட்டுப் போட்ட வங்கி மேலாளர் கழுத்து நரம்பு புடைக்க ‘கிரீ...ச்’ என்று கத்துவார். கல்லூரியில் பாடம் நடத்துகிற அம்மாள், தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ‘கர்... கர்...’ என்று மெல்ல உறுமுவாள். ஹிக்மத் கண்ணை மூடிக்கொண்டு தேநீரை உறிஞ்சியபடி கேட்பான்.

“காலையில மட்டுமா, நாள் பூராவுமா?”

“காலையில மட்டுந்தான்.”

“ராத்திரிப் பனியில டிஸ்க்குல துரு ஏறியிருக்கும். நாலு தடவை மிதிச்சா போயிடும். வீட்டுக்குப் போங்க.”

கர்கர் என்றால் பிரேக் பேடு தேய்ந்து இரும்பும் இரும்பும் மல்லுக்கட்டுகிறது. டக்கென்று ஒரு தட்டு மட்டும் என்றால் பேடைப் பிடித்திருக்கும் கிளிப்பு தளர்ந்துவிட்டது. வாலை மிதித்த பூனைபோலத் திடீரென்று அலறினால் சக்கரத்தின் பின்தகட்டில் பொடிக்கல் சிக்கியிருக்கிறது. இவ்வளவும் அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொல்லுவான். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவதைப் பற்றி அந்த வீதியில் யாரும் பேசியதில்லை.

இந்தக் காதுதான் அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் துரத்தியது. தலைமையாசிரியரின் பூட்ஸ் சத்தத்தை அச்சு அசலாக வாயால் எழுப்பி மூன்று வகுப்புகளை எழுந்து நிற்கவைத்தான். நான்காவது வகுப்பு எழுந்தபோது தலைமையாசிரியர் நிஜமாகவே பின்னால் நின்றார். அதோடு படிப்பு முடிந்தது, பட்டறை தொடங்கியது. மூத்த மகன் ஸுஹைல் பிறந்த பிறகு எல்லாருக்கும் அவன் அபூ ஸுஹைல், ஸுஹைலின் அப்பா. அவன் மனைவி நஜாஹுக்கு மட்டும் அந்தக் காதின் மேல் மரியாதை கிடையாது. “ஊர்ல எந்தக் கார் அழுதாலும் கேக்குது. நம்ம வீட்டுக் குழாய் சொட்டுறது மட்டும் இந்தாளுக்குக் கேக்காது” என்பாள்.

அபூ வஜ்தி வந்த அன்று கடையில் நல்ல கூட்டம். அவர் ஜோஃபா மலையிலிருந்து கீழே கடைவீதிக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஸர்வீஸ் கார் ஓட்டுகிறவர். கார் அவருடையது அல்ல, ஹாஜி தவ்ஃபீக்குடையது. ஹாஜியும் கூடவே வந்து, கையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்திருந்தார். பேடு மாற்றி அதிக நாள் ஆகவில்லை. அதற்குள் கார் கத்தத் தொடங்கிவிட்டது.

“போட்டுக் காட்டுங்க, அபூ வஜ்தி.”

அபூ வஜ்தி கூச்சப்படுகிற மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்லியதாக, “கீ...ஈ...ஈ...” என்றார்.

“கொசு மாதிரி இருக்கே!” என்றார் டயர்க்கடை ரஸ்மி. கூட்டம் சிரித்தது.

ஹிக்மத்துக்குக் கூட்டம் சிரித்தால் போதும், சாராயம் குடித்தது மாதிரி ஆகிவிடும். கண்ணை மூடினான், புருவத்தைத் தூக்கினான். “அபூ வஜ்தி, ஜோஃபா இறக்கத்துல கியரை நியூட்ரல்ல போட்டுட்டுத்தானே இறங்குறீங்க? பெட்ரோல் மிச்சம்னு?”

“இல்லப்பா. ரெண்டாவது கியர்லதான் இறக்குவேன்.”

“பேடு தீஞ்சு, மேல கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருக்கு. அந்தச் சத்தம் இது. நியூட்ரல்ல இறக்கினாத்தான் இப்படித் தீயும்.”

“வல்லாஹி, சத்தியமா இல்ல அபூ ஸுஹைல். இன்னொண்ணு சொல்லணும். பிரேக்குல கால் வைக்காதபோதும் கத்துது...”

“பிரேக்கு பொய் சொல்லாது, அபூ வஜ்தி. டிரைவருங்கதான் சொல்லுவாங்க.”

இந்தத் தடவை தெருவின் எதிர்ப்பக்கம் வரைக்கும் சிரிப்பு போனது. ஹாஜி மட்டும் சிரிக்கவில்லை. மணியை உருட்டுவதை நிறுத்தி, உள்ளங்கையை நீட்டினார். அபூ வஜ்தி அந்தக் கையைப் பார்த்தார், ஹிக்மத்தைப் பார்த்தார், பிறகு சாவியை வைத்தார். காருக்குள் குனிந்து, முதுகுக்கு வைத்துக்கொள்ளும் மணி கோத்த மெத்தையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தவரை ஹிக்மத் பார்க்கவில்லை. அடுத்த ஆள் ஏற்கெனவே வாயைத் திறந்திருந்தான். ஹாஜி, ‘டிரைவர் மாறினா சத்தம் போயிடும்ல’ என்று கேட்டுவிட்டு, பேடைக்கூடக் கழற்றிப் பார்க்கச் சொல்லாமல் காரைக் கொண்டுபோனார்.

டிரைவர் மாறினான், சத்தம் மாறவில்லை. அடுத்த வாரமே புது டிரைவர் நவ்ரஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். மழை நாள். கடையில் வேறு யாரும் இல்லை.

“வாயால எல்லாம் எனக்கு வராதுண்ணே. ஏறுங்க, கேளுங்க.”

ஹிக்மத் ஏறினான். வீதி முனை வரைக்கும்தான் போனார்கள். நவ்ரஸின் கால் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் இருந்தது. கார் கத்திக்கொண்டே இருந்தது. மெல்ல மிதித்தான். சத்தம் நின்றது. காலை எடுத்தான். கீ...ஈ...ஈ. அபூ வஜ்தி வாயால் போட்டது எவ்வளவு துல்லியம் என்று ஹிக்மத்துக்கு அப்போது தெரிந்தது. கொசு இல்லை அது.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினான். பேடு தீய்ந்திருக்கவில்லை. புதுச் செங்கல் மாதிரி சொரசொரவென்று இருந்தது. பேடு தேய்ந்து முடியும்போது டிஸ்க்கை உரசிக் கத்தட்டும் என்று அதில் சின்னதாக ஒரு நாக்குத் தகடு வைத்திருப்பார்கள். உள்பக்கம் இருக்கவேண்டிய அந்தப் பேடு வெளிப்பக்கம் இருந்தது. இடம் மாற்றித் திணித்ததில் நாக்கு வளைந்து, இப்போதே டிஸ்க்கில் உட்கார்ந்திருந்தது.

மாட்டியது யார்? அவன்தான். அந்த நாளும் நினைவுக்கு வந்தது. கையில் ஸ்பேனர், வாயில் ஒரு மந்திரியின் கார் எப்படிக் கத்தியது என்ற கதை, சுற்றிலும் சிரிப்பு. கை தன்பாட்டுக்கு மாட்டிவிட்டது.

சரிசெய்ய ஒரு தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

“என்னண்ணே இருந்துச்சு?” என்று கேட்டான் நவ்ரஸ்.

சொல்லியிருக்கலாம். கேட்டவன் ஒரே ஆள், அவனும் போனை நோண்டிக்கொண்டிருந்தான். இதைவிடச் சுலபமான வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது.

“தூசி” என்றான் ஹிக்மத்.

அந்த ஒரு சொல் அவனோடு வீட்டுக்கு வந்தது, சாப்பிட உட்கார்ந்தது. முதல் தப்பு கையுடையது, அதை மன்னித்துவிடலாம். இரண்டாவது வாயுடையது. அன்று நஜாஹ் குழாயைத் திட்டவே இல்லை, அவனே எழுந்துபோய் அதற்கு வாஷர் மாற்றினான். “உடம்புக்கு என்ன?” என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த நாள் ஒருவர் கடையில் வந்து அருமையாக உறுமியபோது, “சக்கரத்தைக் கழட்டிப் பாத்துத்தான் சொல்லணும்” என்றான். வந்தவர் தன் உறுமலில்தான் ஏதோ குறை என்று நினைத்து மறுபடி உறுமினார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜோஃபாவின் படிகளில் ஏறினான். அபூ வஜ்தி கதவைத் திறந்தார். பிறகு, வந்தவன் எவனாக இருந்தாலும் செய்யவேண்டியதைச் செய்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். ஹிக்மத் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தான்.

அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் கேட்டு வருகிறவர்கள் செய்வதுபோல, ஏதோ கேட்டு வந்திருக்கிறான், கிடைத்தால்தான் குடிப்பான். மறுத்து அனுப்பினால் வீட்டுக்காரருக்கு இழுக்கு.

“என் வீட்ல கட்டிக்குடுக்கப் பொண்ணு இல்லையே” என்றார் அபூ வஜ்தி. சிரிக்காமல்தான் சொன்னார்.

ஹிக்மத் எல்லாவற்றையும் சொன்னான். பேடு, நாக்கு, மந்திரி கதை, கடைசியில் தூசி.

“கால் வைக்காதபோதும் கத்துதுன்னு நான் சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

“அன்னைக்கு எத்தனை பேர் சிரிச்சாங்க?”

“எல்லாருந்தான்.”

“இன்னைக்கு இங்க யாரு இருக்கா?”

“நீங்களும் நானும்.”

“எல்லார் முன்னாடியும் என்னைப் பொய்யன்னு சொல்லுவ. மன்னிப்பு மட்டும் என் வீட்டுக்குள்ள உக்காந்து ரகசியமாக் கேப்ப. நல்லா இருக்குப்பா கணக்கு.” அவர் குனிந்து கிண்ணத்தை எடுத்து, காப்பியைத் திரும்பப் பிளாஸ்கில் ஊற்றினார். “நாளைக்கு உன் கடைக்குக் கொண்டு வரேன். அங்க குடி.”

மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்தார். ஒரு கையில் பிளாஸ்க், கக்கத்தில் ஒரு துணிப்பை. ஹிக்மத் சொல்லியனுப்பியபடி ஹாஜி காரோடு வந்து நின்றிருந்தார், நவ்ரஸ் ஓட்டிவந்திருந்தான். டயர்க்கடை ரஸ்மி முதற்கொண்டு அன்று சிரித்த பல் எல்லாம் ஆஜர்.

அபூ வஜ்தி கிண்ணத்தில் ஊற்றி மேசைமேல் வைத்தார். தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை கூச்சமில்லாமல், தெருவே திரும்பிப் பார்க்கும்படி, “கீ...ஈ...ஈ...” என்றார். “சொல்லு, அபூ ஸுஹைல். இது என்ன சத்தம்?”

ஹிக்மத் கண்ணை மூடவில்லை. மூடினால் திறக்கத் தைரியம் வராது.

“நான் பேடை மாத்தி மாட்டினேன். அந்தச் சத்தம். அபூ வஜ்தி நியூட்ரல்ல இறக்கல. பொய் சொன்னது நான்தான். அதுக்கப்புறம் தெரிஞ்சும் தூசின்னு மறைச்சேன்.”

ரஸ்மியாவது ஏதாவது சொல்வார், எல்லாரும் சிரித்துத் தொலைப்பார்கள், முடிந்துபோகும் என்று ஹிக்மத் எதிர்பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. ரஸ்மி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியின் மணி மட்டும் இரண்டு தடவை உருண்டது.

“நவ்ரஸுக்கு வாக்குக் குடுத்துட்டேன்” என்றார் ஹாஜி, யாரையும் பார்க்காமல். “பகல் அவனுக்கு. சாயங்காலம்... சாயங்காலம் வண்டி சும்மாதான் நிக்குது.”

பாதி நாள். முழு நாள் ஓட்டிய மனிதருக்குப் பாதி நாள்.

“சரி ஹாஜி” என்றார் அபூ வஜ்தி. பிறகு ஹிக்மத்திடம், “குடி” என்றார்.

குடித்தான்.

அபூ வஜ்தி துணிப்பையைப் பிரித்தார். உள்ளே அந்த மணி கோத்த மெத்தை. ஹாஜி என்ன சொல்வார் என்று தெரியாமலே அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். ஹிக்மத்தால் அதைத்தான் தாங்க முடியவில்லை. டிரைவர் இருக்கையில் அவர் அதை விரித்து, சுருக்கம் நீவி, உட்கார்ந்து வண்டியை எடுத்தபோது, அவன் எல்லார் கண்ணெதிரிலும் முன்சக்கரத்தின் பக்கத்தில் காதை வைத்து, குனிந்தபடியே கூட நடந்தான். சத்தமே இல்லை. இல்லை என்று அவனுக்கு முன்பே தெரியும். ஆனாலும் வீதி முனை வரைக்கும் அவன் நிமிரவில்லை.