லினெட்டுக்கு மட்டும் கிடைக்காத லவ்

நெவில் ஹின்ச்லிஃப் ஓட்டுகிற பஸ்ஸில் 'லவ்' வாங்காமல் யாரும் உட்கார முடியாது. "ஏறு லவ்." "பார்த்து லவ், படி வழுக்கும்." பள்ளிப் பிள்ளை, பாதிரியார், கழுத்தெல்லாம் பச்சை குத்திய தடியன், எல்லாருக்கும் ஒரே அளவு. இங்கிலாந்தின் இந்தப் பார்ன்ஸ்லியில் இது காதல் இல்லை. நம்மூர்க் காய்காரம்மா 'கண்ணு' என்பாரே, அந்த ரகம். முதல் வாரம் எனக்கும் ஒன்று விழுந்தது. மீசை வைத்த, கல்யாணமான ஆள் நான். மூன்று நிறுத்தம் தாண்டும்வரை வியர்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கிடைக்காவிட்டால்தான் கவலை.

நெவில் இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத்தை மூடியதும் பஸ்ஸுக்கு வந்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. வெள்ளி மாலை ஊர் பித்தளை வாத்தியக் குழுவில் பெரிய கொம்பு ஊதுவார். யாராவது ஓடி வந்தால் பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பார். ஏன் தாமதம் என்று மேலதிகாரி கேட்டால், "அவங்க ஓடுனத நீங்க பாக்கலையே லவ்" என்பாராம்.

சர்ச் நிறுத்தத்தில் லினெட் சக்டன் ஏறுவார். சந்தையில் 'பை' விற்கும் கடை அவருடையது; மாவுக்குள் கறியோ சீஸோ வைத்துச் சுடுகிற பலகாரம் அது. கணவர் இறந்து சில வருடம் ஆகிறது. அவருக்கும் தினம் ஒரு லவ் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஈஸ்டருக்குப் பிறகு அது நின்றது. "வாங்க, மிசஸ் சக்டன்" என்றார் நெவில், கண்ணாடியைப் பார்த்தபடி. அவருக்குப் பின்னால் ஏறியவருக்கு வழக்கம்போல் லவ்.

இந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடும்போதுகூட அந்த வார்த்தையை விடமாட்டார்கள். அதை ஒருவருக்கு மட்டும் கொடுக்காமல் விட்டால், கன்னத்தில் அறைந்த மாதிரி. லினெட்டின் முகம் சுருங்கிப்போனது. பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவர் எங்கள் பஸ்ஸில் ஏறவே இல்லை.

நெவில் சர்ச் நிறுத்தத்தில் ஆளே இல்லாவிட்டாலும் கதவைத் திறந்து, எட்டிப் பார்த்து, மூடுவார். முன்சீட்டு டோரீன் அம்மாள் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்.

"லினெட் மேல என்னடா கோவம் உனக்கு?"

"கோவமா? எனக்கா?"

"மிசஸ் சக்டனாம். கோர்ட்டுல கூப்பிடுற மாதிரி."

நெவிலின் காது சிவந்தது. "ஊர்ல எல்லாருக்கும் சொல்றேன். உங்க நாய்க்குக்கூடச் சொல்றேன். அதையே எடுத்து அவங்களுக்கும் எப்படிக் கொடுக்கிறது?"

"அட மடையா. நீ அவளை வெறுக்கிறேன்னு நெனச்சு அவ முந்தின பஸ்ல போறா."

பச்சை விளக்கு விழுந்தும் பஸ் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அன்று மதியம் சீஸ் பை வாங்க நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சீருடையோடு நெவில். லினெட் ஒவ்வொருவரிடமும் "உனக்கு என்ன லவ்?" என்று கேட்டு வந்தார். நெவில் முறை வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "சொல்லுங்க, மிஸ்டர் ஹின்ச்லிஃப்" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு பை குடுங்க," என்றவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "கோவம் இல்ல லினெட். மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி உங்களுக்குச் சொல்ல வாய் வரல. உங்களுக்குச் சொன்னா, அது நெசமா இருக்கு."

லினெட் பையைக் காகிதத்தில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"இதுக்காகவா காலங்காத்தால குளிர்ல நின்னு அந்தப் பஸ்ஸைப் பிடிச்சேன்? அந்த டிரைவர் பாட்டு வேற பாடுறான்."

"நல்லாப் பாடுவானா?"

"கொடுமை."

பின்னாலிருந்து ஒரு குரல்: "சீக்கிரம் அவனைக் கட்டிக்கோ லவ், பை ஆறிப்போகுது."

"வாய மூடு, உனக்கு பையே கிடையாது" என்றார் லினெட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நெவிலிடம், "வெள்ளிக்கிழமை கொம்பு ஊதி முடிச்சதும் பசிக்குமா?" என்று கேட்டார்.

"பயங்கரமா."

"வீட்டுக்கு வாங்க. பை கிடையாது. பை பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப்போச்சு. கறி வறுக்கிறேன்."

திங்கட்கிழமை சர்ச் நிறுத்தத்தில் கதவு திறந்தது.

"வா, லினெட்," என்றார் நெவில்.

அவ்வளவுதான். லினெட் முன்சீட்டுக்கு வந்து டோரீன் அம்மாளை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.