ஏற்றமில்லாத பாதையும் எதிர்க்காற்றும்

போன வருடம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. துபாய்க்கு வெளியே பாலைவனத்தில் சைக்கிளுக்கென்றே போட்டிருக்கும் பாதையின் ஓரம், மணலில் உட்கார்ந்துகொண்டு, "என்னால முடியாதுங்க, எல்லாத்தையும் கேன்சல் பண்ணிருங்க" என்று கணவரிடம் சொல்லி அழுதேன். ஐம்பதை நெருங்கும் ஒருத்தி பொது இடத்தில் அப்படி அழுததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் உடுமலைப்பேட்டைப் பக்கம். கல்யாணமாகி அபுதாபிக்கு வந்த நாளிலிருந்து லீவு என்றால் ஊர்தான். பேர்தான் லீவு. நாத்தனார் மகள் கல்யாணம், கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம், யாராவது ஒரு குழந்தைக்குக் காதுகுத்து என்று ஓடிவிட்டு, ஓய்வெடுக்க மறுபடியும் அபுதாபிக்குத்தான் வர வேண்டும். கணவரின் வேலை முடிந்து ஊரோடு போய்விடும் காலம் நெருங்கியபோது அவர்தான் கேட்டார், ஒரே ஒரு லீவை நமக்காக வைத்துக்கொண்டால் என்ன என்று. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த வாக்கியத்தில் அவர் சைக்கிள் என்றதும் சந்தோஷம் தானாகவே இறங்கிவிட்டது.

அவருக்கு சைக்கிள் பைத்தியம். பையைக் கட்டிக்கொண்டு ஐரோப்பாவில் ஊர் ஊராக மிதித்தே போகலாமாம். நானோ நாற்பது தாண்டி, அபுதாபி கடற்கரைச் சாலையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டவள். ஏறுவதற்கு இன்னமும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பம் வேண்டும். முழங்கால் வலி வேறு. அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: ஏற்றம் இருந்தால் நான் வர மாட்டேன்.

மனிதர் மடிக்கணினியும் கையுமாக வரைபடத்தில் குடியேறிவிட்டார். நார்வே படத்தைக் காட்டினார். மலையைப் பார்த்ததுமே மூடச் சொன்னேன். டென்மார்க்கில் ஒரு பாதை பிடித்திருந்தது, ஆனால் அதன் உயரத்தைக் காட்டும் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஜெர்மனியின் வடக்குக் கடலோரமாகவே நெதர்லாந்து வரை போகும் பாதை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பச்சைப் புல், நடுவில் செம்மறியாடுகள் மேயும் நீண்ட கரை. உயரக் கோடு தரையில் போட்ட கயிறு போலக் கிடந்தது. படத்தில் வரிசையாகக் காற்றாலைகள். "நம்மூர் மாதிரியே காத்தாடி நிக்குது பாரு புள்ள" என்று அவர் சந்தோஷப்பட்டார். நானும்தான். ஹாம்பர்க்கில் இறங்கி மேற்கே மிதித்து ஆம்ஸ்டர்டாமில் விமானம் ஏறுவதாக முடிவானது. திங்கட்கிழமை விசா அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு நீண்ட பயிற்சி என்றுதான் அந்தச் சனிக்கிழமை பாலைவனத்துக்குப் போனோம்.

அன்று போகும்போது நான் பறந்தேன். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. "பரவால்லியே, என்னைய விட நல்லா ஓட்டற" என்று அவரே சொன்னார். எனக்குள் இத்தனை வருடமாக ஒரு வீராங்கனை தூங்கிக்கொண்டிருந்தாள் என்றே நம்பிவிட்டேன். திரும்பியதும்தான் தெரிந்தது, தள்ளிக்கொண்டு வந்தது காற்று என்று. ஷமால் என்று இங்கே சொல்வார்களே, அந்த வடமேற்குக் காற்று. முகத்தில் அறைந்தது. பல்லில் மணல். எவ்வளவு மிதித்தும் நடக்கிற வேகம்கூட வரவில்லை. ஒரு சின்ன மேடுகூட இல்லாத பாதையில் மூச்சு வாங்கி இறங்கி உட்கார்ந்துவிட்டேன். ஏற்றமில்லாத இடத்திலேயே இந்த லட்சணம் என்றால் ஐரோப்பா எதற்கு? எங்களுக்கென்று வாய்த்த ஒரே லீவு என்னால் கெட்டுப்போகிறதே என்றுதான் அழுகை வந்தது.

அப்போது எதிர்த் திசையிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்து நின்றார். பிலிப்பைன்ஸ்காரர் என்று பேச்சில் தெரிந்தது. சின்ன உருவம், கண்ணைத் தவிர முகம் முழுக்கத் துணி. ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். பிறகு தன் சைக்கிளைத் திருப்பி எனக்கு முன்னால் நிறுத்தி, ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: "என்னை ஒட்டியே வாங்க. ரோட்டைப் பார்க்காதீங்க, என் பின்சக்கரத்தை மட்டும் பாருங்க. காற்றை நான் பார்த்துக்கறேன்."

இடித்துவிடுவேனே என்றேன். இடித்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம், மணல்தானே என்று சிரித்தார். கணவர் என்னைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போனதும் காற்று பாதியாகக் குறைந்துவிட்டது. நம்பவே முடியவில்லை. நான் பின்தங்கினால் எப்படித்தான் தெரியுமோ, அவரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். கார் நிறுத்துமிடம் வரை வந்தார். நான் நன்றி சொல்லத் திணறிக்கொண்டிருந்தபோது கையை ஆட்டிவிட்டு, வந்த வழியே மறுபடியும் கிளம்பிப் போனார். அவர் போக வேண்டிய திசை அதுதான். எனக்காகத்தான் அத்தனை தூரம் எதிர்க்காற்றில் திரும்பி வந்திருக்கிறார். பேரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தலையிலிருந்த மணலை அலசிவிட்டு வந்து, அந்தப் பாதையின் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் காற்றாலை.

"ஏனுங்க, இத்தன காத்தாடிய எதுக்கு அங்க நட்டு வெச்சிருக்காங்க?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். காற்றாலைகளுக்கு நடுவே ஊரை வைத்திருக்கிற உடுமலைக்காரர்கள் நாங்கள். காத்தாடி அழகாக இருக்கிறது என்று பார்த்தோமே தவிர, காற்றை யோசிக்கவில்லை. தேடிப் பார்த்தால், அங்கே பெரும்பாலும் மேற்கேயிருந்துதான் அடிக்குமாம். நாங்கள் போட்ட திட்டப்படி பயணம் முழுக்க முகத்திலேயே வாங்கியிருப்போம். அதே பாதையைத் திருப்பிப் போட்டார்: நெதர்லாந்தில் தொடங்கி ஜெர்மனியில் முடிப்பது. "வர்றியா?" என்று தயங்கிக் கேட்டார். வருகிறேன் என்றேன்.

ஜூனில் போனோம். முதுகைத் தள்ளும் காற்று, கண்ணுக்கெட்டிய வரை கடல். ஆடுகள் வெளியே போகாதபடி கரைப் பாதைக்குக் குறுக்கே அடிக்கடி கதவு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கதவுக்கும் இறங்கி ஏறி, கம்பம் இல்லாமல் ஏற வந்துவிட்டது. ஜெர்மனி எல்லையைத் தாண்டியதும் ஒரு டீக்கடையில் கோப்பைக்குள் பெரிய கற்கண்டைப் போட்டு அதன்மேல் டீயை ஊற்றினார்கள். கற்கண்டைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது.

ஆனால் காற்று எங்கள் திட்டத்தைப் படித்துவிட்டா அடிக்கும்? ஒரு நாள் கிழக்கேயிருந்து, மழையோடு அடித்தது. அவர் முன்னால் போனார். நான் அவர் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். கொஞ்ச தூரத்தில் அந்தச் சக்கரம் தள்ளாட ஆரம்பித்தது. தோள் தொங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. எப்போதுமே அப்படித்தான். தனி ஆளாக வளைகுடாவுக்கு வந்து, அபுதாபியை ஒட்டிய முசஃபா தொழிற்பேட்டையில் அடுக்குக் கட்டில் போட்ட ரூமில் கிடந்து, தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, வீட்டைக் கட்டி, அதன் பிறகு என்னை அழைத்து வந்தவர். அத்தனை வருடமும் அவர் முதுகுக்குப் பின்னால் நான் காற்றுப் படாமல் வந்திருக்கிறேன் என்பது அந்த மழையில்தான் எனக்கு உறைத்தது.

அழுத்தி மிதித்து அவரைத் தாண்டினேன்.

"எம்பின்னால வாங்க. காத்த நா பாத்துக்கறேன்."

மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். பேசாமல் பின்னால் வந்தார். அடுத்த ஊர் வரை மெதுவாக, அவருக்கு ஏற்ற வேகத்தில் மிதித்தேன். ஒரு தேவாலயத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கியபோது, ஈரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னது ஒன்றுதான்: "பின்னால வந்தா இத்தன சொகமா இருக்குமா?"

இன்னும் சில மாதத்தில் ஊருக்கே திரும்பப் போகிறோம். பாலைவனத்தில் வந்த அந்தப் பெண்ணை நேரில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பின்சக்கரம்தான், அதைப் பார்த்துக்கொண்டு போன அன்றுதான் முன்னால் போகவும் நான் கற்றுக்கொண்டேன்.