எதிரிக்குக் கட்டிய படி

நொஷாட்டல் என்ற ஏரிக்கரை நகருக்கு அருகே உள்ள பழைய கோட்டையொன்றைப் பார்க்க மகள் என்னைக் கூட்டிச் சென்றாள். கோபுரத்தின் சுழல்படிகளை நான் ஒவ்வொன்றாகக் காலால் தடவிப் பார்த்தே ஏறினேன். நடுவில் ஒரு படி மட்டும் ஒரு சாண் கூடுதல் உயரம். ஓடிவரும் எதிரி தடக்கி விழட்டும் என்று வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்களாம். வழிகாட்டி பிரெஞ்சில் சொன்னதை மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஈரக்கல் மணத்தில் எங்கள் வீட்டுப் பங்கர் நினைவுக்கு வந்தது. பொம்மர் விமானம் போடும் குண்டுக்கு ஒளிய அப்பா வளவில் வெட்டி, பனங்குற்றியால் மூடிய குழி. அதன் கடைசிப் படி மட்டும் மிக ஆழம்.

"இதிலை ஒரு கல்லு வையுங்கோவன், ஆரும் விழப்போகினம்," என்று அம்மா மூன்று முறை கேட்டார்.

"உமக்குப் பொம்மரைவிடப் படிக்குத்தான் பயம். நாளைக்கு வைக்கிறன்," என்பார் அப்பா.

பொம்மர் வந்த ஒரு காலையில், தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அம்மா அந்தப் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அன்று பின்னேரமே அப்பா கல்லை வைத்தார். கால் மணி நேரம்கூட எடுக்கவில்லை.

"அம்மா எழும்புமட்டும் நீ சமை, பிள்ளை. பிறகு பள்ளிக்கூடம் போகலாம்," என்றார். அப்போது நான் எட்டாம் வகுப்பு. ஆறு மாதத்தில் அம்மா எழுந்து நடந்தார். ஆனால் அப்பாவுக்கு என் சமையல் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "நாளைக்குப் பாப்பம்," என்றார்.

"அம்மா, ஏன் நிண்டிட்டீங்கள்? மேலை ஏரி வடிவாத் தெரியுது, வாங்கோ!" என்று மகள் கோபுர உச்சியிலிருந்து கூப்பிட்டாள்.

"வாறன்," என்றேன். அந்த உயரப் படியை இன்னொரு முறை காலால் தடவிப் பார்த்தேன்.

இங்கே எதிரிக்காகப் படியை உயர்த்தினார்கள். அப்பாவுக்கு எங்களோடு எந்தப் பகையும் இருக்கவில்லை. வெறும் சோம்பல்தான்.