காப்பர் ஸ்டோர் விளக்கு எரிந்த அன்று

அன்று பொழுது சாய்வதற்குள் நான் விதவையாகியிருக்க வேண்டியவள். ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை நம் அன்பிய ஜெபக் கூட்டத்தில் வாயால் பலமுறை சொல்லியிருக்கிறேன். நான் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை என்று, "எழுதிக் குடுத்துடுங்கம்மா, எல்லாரும் படிச்சுக்குவாங்க" என்று பங்குச் சாமியார் நைசாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் மூத்த மகள் முதல்முறையாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய வருஷம். திருச்சிக்கு வெளியே ஒரு பெரிய தொழிற்சாலையில் நான் டெலிபோன் ஆபரேட்டர். செக்யூரிட்டி ஆபீஸின் ஒரு மூலையில் என் போர்டு. பக்கத்துச் சுவரில் அலாரம் பேனல். இரண்டையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டால் போதும் என்று எந்தப் புண்ணியவானோ முடிவு செய்திருந்தான்.

அந்த பேனலை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இன்றைக்கு கே.கே. நகரில் என் மகன் வீட்டு வாசலில் கேமரா இருக்கிறது. மருமகள் அடுப்படியில் நின்றபடியே போனில் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் பேனல் ஒரு பச்சை நிற இரும்புப் பெட்டி. வரிசையாகச் சிவப்பு பல்புகள், ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை பெயின்டில் இடத்தின் பெயர். பெயின்ட் குடோன், கேஷ் ரூம், காப்பர் ஸ்டோர். எங்கே புகை வந்தாலும், எவன் உள்ளே நுழைந்தாலும் அந்த இடத்து பல்பு எரியும். மணி காது கிழிய அடிக்கும். நான் மணியை அமர்த்திவிட்டு வாட்ச்மேனை அனுப்ப வேண்டும். அவர் பார்த்துவிட்டு வந்து சொல்வார். அவ்வளவுதான். பெரும்பாலும் பூனையாக இருக்கும். மழை பெய்தால் பெயின்ட் குடோன் தானாகவே கத்தும். கம்பெனியில் எல்லாருக்கும் நான் மணியக்கா. என் பெயர் லூர்து மேரி என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமிக்கு அதே கம்பெனியில் காப்பர் ஸ்டோரில் வேலை. செம்புக் கம்பியும் தகடும் விலை உயர்ந்த சரக்கு என்பதால் அந்த ஸ்டோருக்கு ராஜ உபசாரம். உள்ளே ஒரு கம்பிக் கதவு, வெளியே ஒரு கனத்த இரும்புக் கதவு. கதவைப் பூட்டினதும் உள்ளே ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று போய்க்கொண்டிருக்கும். யாராவது குறுக்கே வந்தால் என் பேனலில் பல்பு எரியும். விலகினால் அணைந்துவிடும்.

அந்த வருஷம்தான் அவருக்குச் சர்க்கரை வியாதி முற்றியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை மயங்கி விழுந்து, யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். புத்தூரில் பார்த்த டாக்டர் தினமும் ஊசி போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். "ஊசி போட்டுட்டு நேரத்துக்குச் சாப்பிடலேன்னா இன்னும் மோசம்மா. நினைவு தப்பிடும். கூடவே ஆள் இருக்கணும்" என்றார். இரண்டும் சின்னப் பிள்ளைகள். ஞாயிறு பூசைக்குப் போவேன், முழங்கால் போடுவேன், ஆனால் மனசு எதிலும் ஒட்டாது. இவர் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்புதான். அதற்காகவே தினமும் மதியச் சாப்பாட்டை என் அறையில் வைத்துக்கொண்டு, அவரை அங்கே வரவழைத்து, என் கண் முன்னால் சாப்பிட வைப்பேன். "ஸ்கூல் பிள்ளை மாதிரி நடத்துறியே" என்று சிணுங்குவார். சிணுங்கிக்கொண்டே சாப்பிடுவார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அது ஊர்த் திருவிழா மாதிரி. லீவுக்கு முந்தின நாளே மெஷின்களை நிறுத்தித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். லேத்துக்கு, லாரிக்கு, என் டெலிபோன் போர்டுக்கு, ஒன்றையும் விடமாட்டார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்றெல்லாம் கிடையாது. பொரி, கடலை, நாட்டுச்சர்க்கரைப் பொட்டலம் எல்லாருக்கும் உண்டு. முந்தின வருஷம் ஒரு பக்திமான் காப்பர் ஸ்டோரில் அந்த ஒளி வருகிற கண்ணாடிக்கே பெரிய சந்தனப் பொட்டாக வைத்துத் தொலைத்துவிட்டான். பூட்டினதும் ஒளி மறைந்து மணி அடிக்க, போலீஸ் வேனே வந்து நின்றது. கடைசியில் பிடிபட்ட திருடன் சந்தனம். அந்தச் சிரிப்பு ஒரு வருஷம் அடங்கவில்லை.

இந்த வருஷமும் பூஜை மத்தியானத்துக்குள் முடிந்தது. ஸ்டோர் ஆபீசர் வரதராஜன் சார் இரண்டு கதவையும் பூட்டி, அரக்கு சீல் வைத்துவிட்டு, ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார். பூஜை போட்டு மூடிய இடத்தை விஜயதசமி முடிந்துதான் திறப்பார்கள். நடுவில் யாரும் தொடமாட்டார்கள். அது அங்கே எழுதாத சட்டம்.

என் வீட்டுக்காரர் சாப்பிட வரவில்லை. டிபன் கேரியர் என் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எங்கேயாவது சிநேகிதர்களோடு உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலை வெளுத்துக்கட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். கேட்டில் கேட்டேன். குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வெளியே போகிறது, யார் போனார்கள் என்று யார் பார்த்தது என்றார்கள். போதாத குறைக்கு அடுத்த ஷிப்டுக்கு வந்து என்னை விடுவிக்க வேண்டிய விசாலாட்சியும் வரவில்லை. வையம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், பண்டிகைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். அவளையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அப்போதுதான் காப்பர் ஸ்டோர் பல்பு எரிந்தது. மணி அலறியது.

செக்யூரிட்டி ஆபீசர் தங்கராஜ் சார், பட்டாளத்திலிருந்து வந்தவர், பொரியை மென்றுகொண்டே சிரித்தார். "ஏம்மா லூர்து, மறுபடியும் சந்தனத் திருடன் வந்துட்டானா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. மணியை அமர்த்தினேன். பல்பு அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. மணி ஓயாமல் அடித்ததால் சுவிட்சைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். பல்பு மட்டும் எரிவதும் அணைவதுமாக இருந்தது. முறைக்காக வாட்ச்மேன் முருகேசனை அனுப்பினோம். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சீல் அப்படியே இருக்குங்க சார். ஈ, எறும்புகூட நுழையலை" என்றார்.

"அப்புறம் என்ன? சந்தனம் காயக் காய உதிரும். தானா சரியாயிடும்" என்றார் தங்கராஜ் சார்.

நாங்கள் எல்லாருமே உள்ளே யார் நுழைந்தார்கள் என்றுதான் யோசித்தோம். அந்த பேனலை வைத்ததே அதற்குத்தானே?

ஆனால் எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. பல்பைப் பற்றி இல்லை, அவரைப் பற்றி. ஊசி காலையில் போட்டாயிற்று. வயிறு காலி. எந்தத் தெருவில் விழுந்து கிடக்கிறாரோ. டிராயரிலிருந்து ஜெபமாலையை எடுத்தேன். மங்கள வார்த்தை ஜெபம் பாதிகூட வரவில்லை, அழுகைதான் வந்தது. "மாதாவே, அந்த மனுஷனை எங்கே வெச்சிருக்கீங்க? எனக்கு ஒண்ணும் புரியலையே. உங்க மகன்கிட்ட சொல்லி எனக்குப் புரிய வைங்க தாயே" என்று வாய்விட்டே கேட்டேன். தங்கராஜ் சார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது காப்பர் ஸ்டோர் பல்பு அணைந்திருந்தது. அதன் பிறகு எரியவில்லை.

"பார்த்தியா, உதிர்ந்துடுச்சு" என்றார் சார்.

சகோதர சகோதரிகளே, அதுவரை நான் எந்த வாட்ச்மேனிடமும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. 'ஒன்றுமில்லை' என்றால் சரி என்று விட்டுவிடுவேன். அன்றைக்கு என் வாயில் அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆண்டவர் வைத்தார், அவ்வளவுதான் தெரியும்.

"முருகேசண்ணே, அங்க வேற ஏதாவது கிடந்துச்சா?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா. யாரோ ஒருத்தர் செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டாரு. பூஜைக்குக் கழட்டுனது, வாசல்லயே கெடக்கு."

"எப்படி இருந்துச்சு?"

"ஹவாய் செருப்புதாங்க. ஒரு வார் அறுந்து செம்புக் கம்பி போட்டு முறுக்கியிருந்துச்சு."

அந்தக் கம்பியை என் வீட்டுக்காரர் முறுக்கும்போது, புதுசு வாங்கினால் என்ன என்று பக்கத்திலிருந்து திட்டியவள் நான்தான். எனக்கு அலறத்தான் தெரிந்தது. "சார், அவரு உள்ள இருக்காரு! கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டிருக்காரு சார்! இப்ப விழுந்துட்டாரு!"

தங்கராஜ் சார் கையிலிருந்த பொரியைப் போட்டுவிட்டு ஓடினார். கதவைத் தட்டினால் பதில் இல்லை. பதில் வந்திருந்தாலும் கேட்டிருக்காது, மதில் சுவருக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் ஒலிபெருக்கி அப்படிக் கத்திக்கொண்டிருந்தது. கேஸ் கட்டர் வைத்து அறுக்கலாம் என்றால் வெல்டர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயாகிவிட்டது. சாவி ஸ்ரீரங்கத்தில் இருந்தது.

நான் போர்டில் உட்கார்ந்தேன். வரதராஜன் சார் வீட்டில் போன் கிடையாது, பக்கத்து வீட்டில் உண்டு. லைன் போட்டு, அந்த வீட்டு மாமியைக் கெஞ்சி, அவரைக் கூப்பிட வைத்தேன். அவர் வருவதற்குள் என் உயிர் போய்ப் போய் வந்தது.

"சார், அவரு ஸ்டோருக்குள்ள மாட்டிக்கிட்டாரு சார். ஊசி போட்ட உடம்பு."

பூஜை போட்டு மூடிய கதவாயிற்றே, திறக்க மாட்டேன் என்பாரோ என்று பயந்தேன். அவர் வீட்டு ஆசாரம் அப்படி.

"ஐயோ, நான் எட்டிப் பார்த்துட்டுத்தானேம்மா மூடினேன்" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. "இதோ கெளம்பிட்டேன். அழாதேங்கோ. உள்ளே ஒரு உசிர் இருக்கறச்சே பூஜையாவது ஒண்ணாவது. பெருமாள் கைவிட மாட்டார்."

அப்போது இன்னும் கட்டி முடியாத மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி, காவேரிப் பாலத்தைத் தாண்டி, மேலே வெறும் துண்டோடு ஸ்கூட்டரில் பறந்து வந்தார் அந்த மனுஷர். சட்டை போடக்கூட நிற்கவில்லை. போர்டை விட்டுவிட்டு நானும் ஸ்டோருக்கு ஓடினேன். தான் வைத்த சீலைத் தானே கல்லால் உடைத்தார். அவசரத்தில் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது.

என் வீட்டுக்காரர் அந்த ஒளிக் கண்ணாடியின் கீழே சுவரில் சாய்ந்து கிடந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் முனகல்தான் வந்தது. என் முந்தானையில் பூஜைப் பொட்டலம் முடிந்திருந்தது. நாட்டுச்சர்க்கரையைக் கிள்ளி அவர் ஈறில் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு அசைந்தது. அந்த நாக்கு அசைந்தபோது நான் அழுத அழுகையை வரதராஜன் சாரும் சேர்ந்து அழுதார். பிற மதத்துப் பூஜைப் பொருளை அவர் வாயில் வைத்தாயே என்று பிறகு ஒரு அம்மாள் என்னைக் கேட்டாள். சர்க்கரையைப் படைத்தவர் யார் என்று திருப்பிக் கேட்டேன்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். விசாலாட்சி நேரத்துக்கு வந்திருந்தால் நான் அவரைத் தேடி ஊரெல்லாம் அலைந்துகொண்டிருப்பேன். யாரைத் திட்டினேனோ அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து, பூட்டுவதற்கு முன்னால் வரதராஜன் சார் ஸ்டோரின் கடைசி மூலை வரைக்கும் நடந்து போய், "யாராவது உள்ளே இருக்கேளா?" என்று சத்தம் போட்டுக் கேட்பார். என் வீட்டுக்காரர் வெளியிலிருந்து "இல்லை சார்" என்று பதில் கொடுப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். என்ன அருமையான மனிதர்கள், என்ன நாட்கள்! மகள் கல்யாணத்தையும் பேரன் பேத்தியையும் பார்க்க வைத்துவிட்டுத்தான் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். ஒரு பிற்பகலில் முடிந்திருக்க வேண்டிய ஆயுள் அது. நானும் மாறினேன். முன்பெல்லாம் மனசு ஒட்டாமல் முழங்கால் போட்டவள், அதற்குப் பிறகு பேச ஆள் கிடைத்தவள் மாதிரி ஜெபித்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்று அவரிடம் கேட்டேன். தலை சுற்றுகிறதே என்று பின்பக்கம் கம்பி உருளை மேல் உட்கார்ந்தாராம். கண் திறந்தால் கதவு பூட்டியிருந்ததாம். கத்தியும் பார்த்தாராம். பிறகுதான் ஒளி வருகிற இடம் ஞாபகம் வந்து, அதன் முன்னால் கையை நீட்டுவதும் எடுப்பதுமாக நின்றிருக்கிறார்.

"மணி சத்தம் உங்களுக்கு அங்க கேக்காதே. பல்பு எரியுதான்னும் தெரியாது. எந்த நம்பிக்கையில ஆட்டிக்கிட்டே இருந்தீங்க?"

"பேனல்ல நீதானே உக்காந்திருப்பே" என்றார்.

நான்தான் உட்கார்ந்திருந்தேன், உண்மை. ஆனால் சிரித்துக்கொண்டே மணியின் வாயை அடைத்தவளும் நான்தானே. நம் ஜெபத்தை அந்தப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறவர் என்னைப் போல இல்லை. சந்தனம் என்று சொல்லி விட்டுவிட மாட்டார். ஆகவே கதவு பூட்டிய இடத்தில் இன்று யாராவது நின்றுகொண்டிருந்தால், மணி அடித்ததா, விளக்கு எரிந்ததா என்று ஆராயாதீர்கள். கையை நீட்டிக்கொண்டே இருங்கள். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்.