மச்சானின் இரண்டு படிவங்கள்

மூக்குத்தூள் டப்பியைப் பாரமாக வைத்து, அந்த இரண்டு படிவங்களையும் மச்சான் எட்டு மாதம் கடை மேசையில் போட்டு வைத்திருந்தார். ஒன்று, சொந்த முதலைப் போட்டு இந்த நாட்டில் தொழில் நடத்துகிறவர்களுக்கு. மற்றது, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு. இரண்டில் ஒன்றை நிரப்பி அனுப்பினால்தான் வதிவிட அனுமதி கிடைக்கும். கிடைக்காவிட்டால் மனைவியான என் ராத்தாவையும் மூன்று பிள்ளைகளையும் கல்முனையில் விட்டுவிட்டு அவர் மட்டும் கப்பலேற வேண்டும். இப்போதும் வெளிநாடு போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "சேர், வேலை விசா நல்லமா, பிசினஸ் விசா நல்லமா?" என்று கேட்கிறார்கள். கேட்டவுடனே அந்த எட்டு மாதத்துக் கோபம் எனக்கு அப்படியே தலைக்கேறிவிடும்.

மச்சான் என்றால் என் அக்காவின், எங்கள் வழக்கில் ராத்தாவின், மாப்பிள்ளை. காயல்பட்டினத்திலிருந்து இளவயதில் துணி வியாபாரத்துக்கு வந்து, எங்கள் வீட்டில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டவர். மருதமுனைக் கைத்தறிச் சாரன், அதாவது கைலி, வாங்கச் சம்மாந்துறையிலிருந்துகூட அவர் கடையைத் தேடி வருவார்கள். ஐம்பதுகளில் சட்டம் மாறி, இந்தியாவிலிருந்து வந்தவர்களெல்லாம் அனுமதி எடுக்க வேண்டுமென்று ஆனது. இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியவர், குடியுரிமையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அதற்கு இடைவிடாமல் பல வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். இவரோ உம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று வருடா வருடம் காயலுக்குப் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த பாவத்துக்கு, படிவம் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு வாத்தியாரே? நான் முதலாளி. கடைத்தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க" என்றார் மச்சான். சரி, கடை உறுதிப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்தார். உறுதியில் ராத்தாவின் பெயர் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்ணுக்குத்தான். எங்கள் வாப்பா அந்தக் கடை நிலத்தையும் சீதனத்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தார். அதுகூடப் பரவாயில்லை. வியாபாரப் பதிவை எடுத்துப் பார்த்தால் அதிலும் ராத்தா! வருகிற மாப்பிள்ளை சம்பாதிப்பதெல்லாம் பெண்ணின் பெயருக்கே போக வேண்டும் என்பதில் காயல்காரருக்கும் எங்களுக்கும் ஒரே கொள்கை. இந்த மனிதர் தன் பெயரில் ஒரு முழக்கோலைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"அப்படியென்றால் ராத்தா உங்கள் பேருக்கு மாற்றி எழுதட்டும், பத்திரம் எழுத நொத்தாரிசைக் கூட்டி வருகிறேன்" என்றேன். மனிதர் கொதித்தெழுந்துவிட்டார். "பொம்பளைக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்குறவனா நான்? என் மூஞ்சியில ஊர் காறித் துப்பும்!" அதுவும் நியாயம்தான். அப்படியானால் மற்றப் படிவம், ராத்தாவின் கடையில் கணக்கப்பிள்ளை என்று எழுதுவோம் என்றேன். டப்பியை எடுத்து ஒரு சிட்டிகை உறிஞ்சினார். "பொஞ்சாதிகிட்ட நான் சம்பளக்காரனா? வேற வேலையிருந்தா பாருங்க." முதலும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம், அனுமதி மட்டும் வேண்டும். என்ன மனிதரப்பா! வாரத்துக்கு மூன்று நாள் பள்ளி விட்டு நேரே கடைக்குப் போய்க் கத்திவிட்டு வருவேன். அவர் எனக்கு இஞ்சிப் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்குச் சாரன் விரித்துக் காட்டுவார்.

கடைசியில் எனக்குச் சொல்லாமலே யாரையோ பிடித்து, முதலாளிப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். விண்ணப்பகாரரின் பெயரில் எந்த முதலும் இல்லை, மற்ற வகையில் விண்ணப்பிக்க விரும்பினால் இந்த மாதம் முடிவதற்குள் அனுப்பவும், தவறினால் நாட்டைவிட்டு வெளியேறவும் என்று பதில் வந்தது. கடிதத்தை வீட்டில் வைத்து நான் வாசித்துச் சொன்னபோது மச்சான் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். சின்னவன் அவர் மடியிலிருந்தான்.

அன்றுதான் ராத்தா அறைவாசலுக்கு வந்து நின்றாள். "தம்பி, அந்த மற்றப் போமை எடு. கடை என்ட பேர்ல எண்டா, ஆள் வைக்கிறதும் நான்தானே?" என்றாள். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த வேலையை இந்நாட்டவர் ஒருவரைக் கொண்டு ஏன் செய்விக்க முடியாது? சாரனின் தரம் பார்க்கத் தெரிந்தவர், இந்திய வியாபாரிகளைத் தெரிந்தவர் என்று நான் சோடித்துக்கொண்டிருந்தேன். ராத்தா கை காட்டி நிறுத்தினாள். "அதெல்லாம் எழுதாத. இந்த வேலைக்கு ஊருக்குள்ள எனக்கு வேற ஆள் இல்ல எண்டு எழுது." எழுதினேன். அவள் தனக்குத் தெரிந்த அறபெழுத்தில் தன் பெயரைப் போட்டாள்.

மட்டக்களப்பில் விசாரணை. பஸ்ஸில் போகும்போது வழி முழுக்க ஓதினேன்: முதலாளி என்ற சொல்லை மறந்தும் வாயில் எடுத்துவிடாதீர்கள், பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கோட்டும் துருக்கித் தொப்பியுமாக ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்ப்பு. அந்தக் கடையில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார். மச்சான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரி கடையில நான் வேலைக்கு நிக்கிறேன்" என்றார். இதைச் சொல்ல வைக்கத்தான் எட்டு மாதம் தொண்டை கிழியக் கத்தினேன். ஆங்கிலத்தில் சொல்லாமல் அவர் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாரி இரண்டாம் முறை கேட்டார். சொன்னேன்.

ஒரு வருட அனுமதி கிடைத்தது. எல்லாம் முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? மறுநாளிலிருந்து மச்சான் கடை நாற்காலியில் உட்காரவில்லை. காலையிலிருந்து சாயங்கால அசர் தொழுகை வரை நின்றபடியே வியாபாரம். "இருங்க மச்சான்" என்றால், "அது முதலாளி நாற்காலி" என்பார். நாலாம் நாள் கால் வீங்கிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ராத்தாவிடம் போய், உன்ட மாப்பிள்ளையை நீயே பார், என்னால் முடியாது என்று கத்திவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் கடைத்தெருவுக்கு வருவதே இல்லை. மறுநாள் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு, திரை கட்டிய மாட்டுவண்டி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ராத்தா இறங்கினாள். தன் சொந்தக் கடைக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான். யாரையும் பார்க்காமல் நேரே போய், நாற்காலியை முந்தானையால் துடைத்தாள்.

"இஞ்சேருங்க," என்றாள், "முதலாளி சொல்றன். இரிங்க."

மச்சான் உட்கார்ந்தார்.