லிஃப்டுக்குள் ஒரு காப்பு வட்டம்

லிஃப்ட் ஓட்டுகிறவனின் அக்கா, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள். ஞாயிறுதோறும் வீட்டு மேசையில் பகடை உருட்டி ஆடும் மந்திரக் கதை விளையாட்டை நடத்துபவளும் அவள்தான். போன வார ஆட்டத்தில் பூதம் நெருங்காதிருக்க, ஓடும் படகில் அவன் காப்பு வட்டம் போட்டான்.

"வட்டம் போட்ட இடத்துலயே நிக்கும். படகு போயிடும்," என்று தீர்ப்புச் சொன்னாள். படகிலிருந்த அத்தனை பேரையும் பூதம் தின்றது.

"பூமியே சுத்துதே! அப்ப எந்த வட்டம்தான் நிக்கும்?" என்று தொண்டை கிழியக் கத்தியும் அவள் அசையவில்லை.

இன்று அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனுக்காக அவளைக் கட்டிலோடு லிஃப்டுக்குள் தள்ளிவந்தார்கள். லிஃப்ட் ஏறத் தொடங்கியதும் அவன் கட்டிலைச் சுற்றி விரலால் வட்டம் போட்டான். போட்ட பிறகுதான் அந்தப் படகு நினைவுக்கு வந்தது. பாழாய்ப்போன கை, நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டது. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது.

"பைத்தியமா உனக்கு?" என்று நர்ஸ் அலறினாள்.

"நகர்ந்தா வட்டம் இங்கயே நின்னுடுமேக்கா..."

"ஓட்டுடா, மடையா," என்றாள் அக்கா. "வட்டம் கூடவே வரும். தீர்ப்பை மாத்திட்டேன்."

அவன் ஓட்டினான். செத்தாலும் தீர்ப்பை மாற்றாதவள் மாற்றிவிட்டாளே என்றுதான் அவனுக்குப் பயமே வந்தது.