வெல்லத்துக்கு எதிர்த்தட்டில்

எடையைக் குறைத்தே தீருவது என்று முடிவுசெய்த நாளில் நான் செய்த முதல் காரியம், வீட்டில் இருந்த எடை பார்க்கும் மிஷினுக்கு அடியில் ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டதுதான். மெத்தென்ற இடத்தில் வைத்தால் முள் குறைத்துக் காட்டும். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, நானே ஆராய்ந்து கண்டுபிடித்தேன். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவனுக்கு ஆதாரங்களைத் திருத்தத் தெரியாதா? அந்த ஜமுக்காளத்தின் தயவில் மாதாமாதம் இளைத்துக்கொண்டு வந்தேன். சட்டைகள் மட்டும் ஒத்துழைக்க மறுத்தன. தையல்காரரைக் கூப்பிட்டு, துணியைத் திருடுகிறீரா என்று சண்டை பிடித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு ஐம்பது வயது. மாடிப்படியில் பாதியில் நின்று சுவரில் இல்லாத எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்ய ஆரம்பித்திருந்தேன். என் மனைவி ஒருநாள் என்னைப் பிடித்து, பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பழக்கமான டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் மிஷினில் ஏறினேன். முள் கடைசி எண்ணுக்குப் போய் அங்கேயே நின்று நடுங்கியது.

"இதுல காட்டாது. பக்கத்துல வெல்ல மண்டி இருக்கு, அங்கன ஏறிப் பாத்துட்டு வாங்க" என்றார் டாக்டர், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிற அதே குரலில்.

போனேன். மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். மண்டி அண்ணாச்சி இரும்புக் கம்பியில் குண்டை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார், பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "சார்வாள், சாக்குக்குக் கழிக்கணுமா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபம் வந்தால் சிரித்துவிடுவது என் வியாதி. வேடிக்கையாக எழுதுகிறவன் என்று ஊரில் எனக்கு வந்த பெயர் முழுக்க இப்படிச் சேர்ந்ததுதான்.

டாக்டர் சர்க்கரையைச் சொன்னார், ரத்த அழுத்தத்தைச் சொன்னார். அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரியாத ஒன்றை என் மனைவி சொன்னாள். "தூக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டே இருக்கையில மூச்சு நின்னுபோகுது டாக்டர். மறுபடி வருதவரைக்கும் நான் எந்திரிச்சு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன்." என்னிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை.

"அப்பா எந்த வயசுல தவறினாங்க?" என்றார் டாக்டர்.

"ஐம்பத்தொன்று."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் அப்பாவும் இதே உடம்பு. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர், சட்டையைக் கழற்றுகிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். மருந்தும் பத்தியமும் இனி உங்களுக்குப் போதாது என்ற டாக்டர், சென்னையில் ஒரு சர்ஜன் புதிதாக ஒரு ஆபரேஷன் செய்வதாகவும், இரைப்பைக்கு ஒரு பட்டை போட்டு இறுக்குவார்கள் என்றும் சொன்னார்.

சென்னையில் என் மனைவியின் தம்பி பாங்கில் வேலை பார்க்கிறான். அவன்தான் எங்களை அந்த சர்ஜனிடம் கூட்டிப் போனான். சர்ஜன் நல்ல மனிதர்தான். ஒரு தாளில் என் இரைப்பையை வரைந்தார், பெரிதாகவே வரைந்தார். அதன் கழுத்தில் ஒரு வளையம். மேலே ஒரு சின்னப் பை மிஞ்சும், கொஞ்சம் சாப்பிட்டதுமே அது நிறைந்துவிடும். தோலுக்கு அடியில் ஒரு மூடி வைப்பார்களாம். அதற்குள் ஊசியால் உப்புத் தண்ணீரை ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு இது உடனே புரிந்தது. என் வயிற்றுக்கு ஒரு மதகு வைக்கப் போகிறார்கள், அதைத் திறந்து மூடுகிற சாவி சென்னையில் இருக்கும்.

புரியாதது ஒன்றுதான். அவர் ஏன் இவ்வளவையும் என் மச்சினனைப் பார்த்துச் சொல்கிறார்?

"பேஷண்ட் கோ-ஆபரேட் பண்ணுவாரா?"

"அத்தான் தங்கமானவரு டாக்டர். நல்லா சாப்பிடுவாரு, அவ்வளவுதான்" என்றான் மச்சினன், சந்தையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் மாதிரி.

"எந்த ஊரு?"

"திருநெல்வேலி."

"ஓ, அல்வா!" என்று முதல்முறையாக என்னைப் பார்த்தார். "அதை நிறுத்தணும்."

எனக்கு அல்வா பிடிக்காது. விரலில் ஒட்டும். சென்னையில் இதுவரை ஒருவர்கூட இதை நம்பியதில்லை. இவரும் நம்பவில்லை. எனக்குப் பிடித்தது சொதி. அதைச் சாப்பிடலாமா என்று கேட்டேன். சொதி என்றால் என்ன என்றார். தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு, கல்யாணத்துக்கு மறுநாள் இஞ்சிப் பச்சடியோடு பந்தியில் போடுவது என்று, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் விளக்கினேன். அவர் மச்சினன் பக்கம் திரும்பி, "லிக்விடா?" என்றார்.

"கிட்டத்தட்ட."

"அப்ப ஸ்பூன்ல கொஞ்சங் கொஞ்சமா சாப்பிடலாம்."

சொதியை ஸ்பூனில். நான் சிரித்தேன்.

ஒரு மாதத்தில் யோசித்து முடிவு சொல்லுங்கள் என்றார், மச்சினனிடம்.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே ஆசிரியர் அறையில் என் வயிறு விவாதப் பொருளாகிவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வேதியியல்காரர் வெந்நீரில் தேன் குடிக்கச் சொன்னார். பொருளாதாரம், "வயித்த இறுக்கிக் கெட்டுனா கொழுப்பெல்லாம் எங்கன போகும் வே?" என்று கேட்டது.

"தலைக்குத்தான்" என்றது விலங்கியல்.

"அங்கன ஏற்கெனவே எடம் இல்லையே வே!"

இவர்களை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதவர்கள் பரிமாறுகிறவர்கள். அந்த மாதம் சேரன்மகாதேவியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் சொதிப் பந்தி. வாளியோடு வந்த ஒவ்வொருவரும் என் இலைக்கு முன்னால் மட்டும் நின்றார்கள். "ஆபரேஷனுக்குப் பெறகு இப்படிச் சாப்பிட முடியாதுல்லா, இப்பமே சாப்பிட்டுக்கிடுங்க." போதும் என்று கையை நீட்டினால் கைமேலேயே ஊற்றிவிடுவார்கள் போலிருந்தது. இதே ஆட்கள்தான் கை கழுவுகிற இடத்தில் நின்று, "எப்படி ஊதிட்டாரு பாத்தியா, அவங்க அப்பா மாதிரியே" என்று பேசிக்கொள்வார்கள். இலையில் ஊற்றச் சொல்கிற வாயும் அதுதான், இரங்கல் சொல்லப் போகிற வாயும் அதுதான். ஒரு மனிதனை ஐம்பது வருஷம் அன்பாக ஊட்டிக் கொல்வதற்கு இந்த ஆற்றங்கரையில் இருப்பதுபோன்ற ஏற்பாடு வேறெங்கும் இருக்காது.

அன்றைக்கு வாளிக்காரர்களுக்குத் தலைவி என் அக்கா. அந்த ஊரில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. உருளைக்கிழங்கை என் இலையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "திருச்செந்தூருக்கு நேந்துருக்கேன். உன் எடைக்கு எடை வெல்லம். துலாபாரம். நீ இப்பம் என்ன எடைலே இருக்கே?"

மண்டித் தராசு சொன்ன எடையை நான் சொல்லியிருக்க வேண்டும். இலையைச் சுற்றி அத்தனை பேர். ஜமுக்காளத்து எடையைச் சொன்னேன்.

பிறகு வீட்டில் ஒரு சண்டை. ஆபரேஷன் நடக்க வேண்டுமா என்பதைப் பற்றி அல்ல. துலாபாரம் அதற்கு முன்னாலா, பின்னாலா என்பதைப் பற்றி. மச்சினன் போனில், ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கொடுத்தால் பாதி வெல்லம் போதுமே என்றான். அக்கா கொதித்துவிட்டாள். "முருகன ஏமாத்தச் சொல்லுதியா? நேந்த அன்னைக்கு இருந்த உடம்புதான் கணக்கு. முந்தியே குடுத்துருவோம்." என் மனைவி அக்கா பக்கம். செய்துகொள்வதா வேண்டாமா என்பது இன்னும் என் கையில் இருக்கிறது என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அது எப்போதோ என்னைத் தாண்டித் திருச்செந்தூர்க் கடற்கரைக்குப் போய்விட்டிருந்தது.

ஒரு வேன் பிடித்துப் போனோம். மச்சினனும் லீவு போட்டு வந்திருந்தான். சங்கிலியில் தொங்கிய பலகையில் என்னைச் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். எதிர்த்தட்டில் ஓலைப்பெட்டியிலிருந்து வெல்லத்தை எடுத்து அடுக்கினார்கள். அடுக்கி முடித்தார்கள். என் பலகை தரையை விட்டு அசையவில்லை.

"இன்னும் வரணும்" என்றார் துலாபாரத்தில் நின்றவர்.

"கணக்குப் பாத்துத்தான வாங்கினேன். இவன் சொன்னதுக்கு மேல ரெண்டு கட்டி கூடவே வச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

"தராசு சரியில்லையோ?" என்றான் மச்சினன்.

"தராசு முருகனோடது" என்றார் அவர்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். முப்பது வருஷமாக என்னைக் காட்டிக்கொடுக்காதவள், சந்நிதிக்குப் பக்கத்தில் பொய் ஆகாது என்று நினைத்தாளோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "வீட்டுல ஜமுக்காளத்த மடிச்சு, அதுக்கு மேல மிஷினப் போட்டுல்லா பாப்பாவ, மைனி."

மச்சினன் வெளியே வெல்லம் வாங்க ஓடினான். இறங்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார்கள். கூட்டம் சேர்ந்தது. பாதயாத்திரை வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி அக்காவிடம் விசாரித்தாள்.

"என்ன வேண்டுதல்?"

"எளைக்கதுக்கு ஆபரேஷன்."

"நடந்துட்டா?"

"இனிமேதான்."

"அதான பாத்தேன்" என்றாள் அவள், பெரிய சந்தேகம் தீர்ந்தவளாக.

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வரவில்லை. "எனக்கு இந்த ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டியளா?" என்று கத்தினேன். "வரைஞ்சவன் கேட்டானா? ஊத்துனவன் கேட்டானா? நீ கேட்டியா?"

"கேட்டா மட்டும் சொல்லிருவியோ? எடையவே ஒழுங்காச் சொல்லல" என்றாள் அக்கா. பிறகு பலகைக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள். "அப்பாவ அன்னைக்கு மொதல்ல பாத்தது நான்தாம்லே. சட்டையில ஒரு கைய மட்டும் உருவிட்டு உக்காந்திருந்தாவ. மிச்சத்தக் கழட்ட ஒத்தாச கேக்காவன்னு நெனச்சு நானும் போய்க் கழட்டுனேன். உனக்கும் நான் கழட்டணுமா?"

துலாபாரப் பலகையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரிடம் தொடர்ந்து கோபமாக இருப்பது கஷ்டம். கையை ஓங்கினால் சங்கிலி ஆடுகிறது. மச்சினன் வெல்லத்தோடு வந்து சேர்ந்தான். அடுக்க அடுக்க என் பலகை பையத் தரையை விட்டு எழுந்தது. யாரோ குலவையிட்டார்கள்.

மறுநாள் காலை நான் தனியாகப் போய், எஸ்.டி.டி. பூத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சர்ஜனுக்குப் போன் செய்தேன். யார் பேசுகிறது என்பதை அவருக்குப் புரியவைக்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் கேட்டது ஒரே கேள்வி: "இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?"

"வெளிநாட்டுல நிறைய செஞ்சிருக்காங்க. நானும் அங்க போய்ப் பாத்துட்டு வந்திருக்கேன். இங்க உங்களோட ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்."

"அது எனக்குத் தெரியாதே."

"உங்க மச்சினன்கிட்ட அன்னைக்கே தனியா சொன்னேனே?"

வளையம் இறுகிச் சாப்பாடு அடைத்துக்கொண்டால் திருநெல்வேலியில் யார் தளர்த்துவார்கள் என்று கேட்டேன். உடனே சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்றார். ஓர் இரவு முழுக்க ரயில். "வேண்டாம்" என்றேன். அதில் துணிச்சல் ஒன்றும் இல்லை. அந்த ஆபரேஷன் கெட்டது என்று அன்றும் நான் நினைக்கவில்லை. பிற்பாடு எத்தனையோ பேருக்கு அது நன்றாகவே ஆகியிருக்கும். ஆனால் என் வயிற்றைப் பற்றி எனக்கு மட்டும் தெரிவிக்காமல் ஒரு கூட்டம் முடிவெடுத்ததே, அந்த முடிவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மச்சினனிடம் கேட்டேன். "சொன்னா பயந்துருவியன்னுதான் அத்தான்" என்றான். பயப்படுவதற்குக்கூட எனக்கு அனுமதி இல்லை.

மிஷினுக்கு அடியில் இருந்த ஜமுக்காளத்தை உருவி மனைவியிடம் கொடுத்தேன். விடிகாலையில் வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாளும் ஒருவரை நினைத்துத் திட்டிக்கொண்டே நடந்தேன். சர்ஜன், மச்சினன், பொருளாதாரம், வாளி தூக்கியவர்கள் எல்லோருக்கும் முறை வந்தது. திட்ட ஆள் தீர்ந்த நாட்களில் என்னையே எடுத்துக்கொண்டேன். கோபம் இருந்தால் நடை தானாக வேகமாகிறது. இதை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. பந்திகளில் வாளி என்னை நெருங்குவதற்குள் இலையை மூடிவிடுவேன். இதனால் சொந்தத்தில் சில வீடுகள் எனக்குப் பத்திரிகை வைப்பதை நிறுத்தின. அது ஒரு தனி லாபம்.

பெரிதாக ஒன்றும் இளைத்துவிடவில்லை. ஆனால் படியில் நிற்காமல் ஏறினேன். என் மனைவி முழுத்தூக்கம் தூங்க ஆரம்பித்தாள். ஐம்பத்தொன்று வந்தது, போனது. அது கழிந்த வாரத்தில் வெல்ல மண்டிக்குப் போய் அதே தராசில் ஏறினேன். அண்ணாச்சி குண்டைப் பின்னால் நகர்த்தினார். சாக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நேரே பூத்துக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். அப்பாவின் வயதைத் தாண்டிவிட்டதைச் சொன்னேன். எடையையும் சொன்னேன், இந்தமுறை உள்ளபடி. மறுமுனையில் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"தராசுக்கு அடியில என்னத்தலே விரிச்சிருந்தே?" என்றாள்.